நாக்கு கேட்கும் தண்ணீர் வேறு, நிலம் கேட்கும் தண்ணீர் வேறு



விதை வாங்கும்போது முளைப்புத் திறன் எவ்வளவு என்று கேட்கிறோம். உரம் வாங்கும்போது மூட்டையின் மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்கிறோம். மாடு பிடிக்கச் சந்தைக்குப் போனால் பல்லைப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. ஆனால் பயிருக்கு நாம் எல்லாவற்றையும் விட அதிகமாகக் கொடுக்கிற பொருள் தண்ணீர் அல்லவா? அதை மட்டும் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்து, "நல்ல தண்ணிதான்" என்று சொல்லி மோட்டாரைப் போட்டு விடுகிறோம். இந்தப் பழக்கத்தினால் நல்ல நிலம் எப்படிக் கெட்டுப் போகிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் ஒரு பெரியவரின் கதையைச் சொல்கிறேன். திருச்சிப் பக்கத்துக் கிராமம். மூன்று ஏக்கர் நிலம். ஒரு நாள் தோளில் துண்டோடு வந்து உட்கார்ந்தார்.

"சார், என் நிலத்துக்கு என்ன நோவுன்னே புரியலை. தண்ணி பாய்ச்சினா மூணு நாளைக்கு அப்படியே நிக்குது. காஞ்சா கல்லு மாதிரி இறுகிப் போவுது. கலப்பைக் கொழு எகிறிக்கிட்டு வருது. கடலை போட்டேன், பாதிக்கு மேல முளைக்கலை. முளைச்சதும் மஞ்சளா நிக்குது. உரமும் மருந்தும் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் கேக்கலை" என்றார். "தண்ணி எப்படி?" என்று கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் கோபமே வந்து விட்டது.

"தண்ணியில ஒரு குறையும் இல்லீங்க! முன்னால பழைய கிணத்துத் தண்ணி இருந்துச்சு பாருங்க, அதுதான் கெட்ட தண்ணி. வாயில வச்சா கரிக்கும். சோப்பு போட்டா திரிஞ்சு போவும். பருப்பு போட்டா மத்தியானம் வரைக்கும் வேகாது. எங்க வீட்டுல தினமும் திட்டுதான். அந்தக் கிணறு வத்திப் போச்சு. நாலு வருஷத்துக்கு முன்னால போர் போட்டேன். தண்ணி பஞ்சு மாதிரி இருக்கு. சோப்பு நுரை நுரையா வருது. பருப்பு ரெண்டு கொதியில கரைஞ்சு போவுது. தண்ணியப் பத்திப் பேசாதீங்க."

பழைய கிணற்றில் மழைக்குப் பிறகு கொஞ்சம் தண்ணீர் ஊறியிருந்தது. அதில் ஒரு பாட்டில், போர்த் தண்ணீரில் ஒரு பாட்டில் கொண்டு வரச் சொன்னேன். ஆய்வுக் கூடத்து முடிவு வந்தபோது அவர் நம்பவே இல்லை. சோப்பு திரிந்து, பருப்பு வேகாத பழைய கிணற்றுத் தண்ணீர் நிலத்துக்குத் தாங்கக் கூடிய தண்ணீர். பஞ்சு மாதிரி இருந்த போர்த் தண்ணீர்தான் நாலு வருஷமாக அவருடைய நிலத்தைக் கெடுத்துக் கொண்டிருந்தது.

இது எப்படி? அதைப் புரிந்து கொள்ள வேண்டுமானால் தண்ணீரின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும்.

தண்ணீர் தனியாக வருவதில்லை

தண்ணீர் என்பது ஹைட்ரஜன் இரண்டு பங்கும் ஆக்ஸிஜன் ஒரு பங்கும் சேர்ந்த பொருள் என்று உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கேட்டாலே சொல்லும். இந்த மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல், கவண் கிளை மாதிரி வளைந்து சேர்ந்திருக்கின்றன. அதனால் தண்ணீரின் ஒவ்வொரு அணுத்திரளிலும் ஒரு பக்கம் கொஞ்சம் நேர் மின்சாரமும், மறு பக்கம் கொஞ்சம் எதிர் மின்சாரமும் இருக்கும். உப்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால், இந்த இரண்டு பக்கங்களும் உப்பின் இரண்டு பாகங்களையும் தனித்தனியே பிடித்து இழுத்துப் பிரித்து விடுகின்றன. நாம் "கரைந்து விட்டது" என்கிறோம்.

மேகத்திலிருந்து விழும்போது மழைத் தண்ணீரில் உப்பு மிக மிகக் குறைவு. அது காற்றிலும், வேர்கள் மூச்சு விடுகிற மண்ணிலும் இருக்கிற கரியமில வாயுவைச் சேர்த்துக் கொண்டு லேசான புளிப்பாகிறது. அந்தப் புளிப்போடு மண்ணிலும் பாறையிலும் இறங்குகிறது. சுண்ணாம்புப் பாறை வழியாகப் போனால் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக் கொள்ளும். கருங்கல் பாறையின் வெடிப்புகளில் பல காலம் தங்கினால் அதிலுள்ள சோடியத்தை எடுத்துக் கொள்ளும். ஆகவே ஒரே தோட்டத்தில் 40 அடிக் கிணற்றுத் தண்ணீரும் 400 அடி போர்த் தண்ணீரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதால் நம் தண்ணீரும் நல்லது என்று சொல்லவும் முடியாது.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். லிட்டருக்கு ஒன்றேகால் கிராம் அளவு உப்புகள் கரைந்த தண்ணீர் என்று வைத்துக் கொள்ளுங்கள். நம் ஊர்களில் இது அபூர்வமான தண்ணீர் அல்ல. ஒரு ஏக்கரில் 2 அங்குல உயரத்துக்குப் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர் ஆகிறது. அதோடு போய்ச் சேருகிற உப்பு ஏறத்தாழ 250 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டையில் 5 மூட்டை. பத்துத் தண்ணீர் பாய்ச்சினால் 50 மூட்டை! பயிர் தண்ணீரைத்தான் குடிக்கிறது. உப்பில் மிகப் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டு விடுகிறது. வெயிலும் தண்ணீரைத்தான் ஆவியாக்குகிறது. உப்பை விட்டு விடுகிறது. நல்ல மழை பெய்து அடித்து இறக்கினால் ஒழிய, இந்த மூட்டைகள் நிலத்திலேயேதான் கிடக்கும்.

இப்படிக் கெடுக்கிற தண்ணீரில் இரண்டு வகை உண்டு. ஒன்று உவர் தண்ணீர், மற்றொன்று களர் தண்ணீர். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. மாற்றிச் செய்தால் பணமும் போகும், நிலமும் போகும்.

உவர் தண்ணீர்

கரைந்த உப்புகளின் மொத்த அளவு அதிகமாக இருந்தால் அது உவர் தண்ணீர். இதை நாக்கு கண்டுபிடித்து விடும்.

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் என்ன ஆகிறது? கொஞ்ச நேரத்தில் சாறு விட்டு, துண்டு சுருங்கிப் போகிறது. உப்பு அதிகமாக இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் போகும் என்பது இயற்கை. மண்ணில் உப்பு ஏறினால் வேரால் தண்ணீரை எளிதாக இழுக்க முடிவதில்லை. வயலில் ஈரம் இருக்கும், ஆனால் பயிர் வாடும். "நேத்துத்தானே பாய்ச்சினேன், இன்னைக்கு வாடுதே" என்று இன்னொரு தண்ணீர் விடுவோம். இன்னும் 5 மூட்டை உப்பு போய்ச் சேரும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அகல் விளக்கில் திரி வழியாக எண்ணெய் மேலே ஏறுவதைப் பார்க்கிறீர்கள். அதே போல மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் வழியாகத் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும். மேலே வந்ததும் ஆவியாகிப் போகும். கொண்டு வந்த உப்பு மேல் மண்ணில் தங்கி விடும். கோடையில் வரப்பு ஓரத்திலும் பார் உச்சியிலும் வெள்ளை பூத்துக் கிடப்பது அதுதான். ஆகவே உவர் தண்ணீர் பாய்கிற இடத்தில் பாரின் உச்சியில் நடாதீர்கள், விதைக்காதீர்கள். உப்பு சேருகிற இடமே உச்சிதான். பாரின் சரிவில் நடுங்கள்.

களர் தண்ணீர்

இனி, நம் பெரியவரை ஏமாற்றிய தண்ணீருக்கு வருவோம். இதில் மொத்த உப்பு அதிகம் இருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய போர்த் தண்ணீரில் மொத்த உப்பு பழைய கிணற்றை விடக் குறைவுதான். ஆனால் இருந்த உப்பில் பெரும்பகுதி சோடியம் பைகார்பனேட். தாய்மார்களுக்குப் புரியும்படி சொன்னால் அது வேறொன்றுமில்லை, நீங்கள் கடையில் வாங்குகிற சமையல் சோடாவேதான்.

கடலையோ பருப்போ சீக்கிரம் வேக வேண்டுமானால் ஒரு சிட்டிகை சோடா போடுவார்கள் அல்லவா? போர்த் தண்ணீரில் அந்தச் சோடா ஏற்கனவே இருந்தது. அதனால்தான் இரண்டு கொதியில் பருப்பு கரைந்தது. பழைய கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், நிறைய இருந்தது. கால்சியம் பருப்பின் தோலிலும் உள்ளேயும் இருக்கிற பசையை இறுக்கிப் பிடித்துக் கொள்ளும், கரைய விடாது. சோப்பையும் பிடித்துத் திரித்து விடும். சமையலுக்கும் துவைப்பதற்கும் இது தொல்லைதான்.

ஆனால் மண்ணுக்கு அந்தப் பிடிப்புத்தான் வேண்டும். களிமண் துகள்களின் மேல் எதிர் மின்சாரம் இருக்கிறது. தம்மில் தாமே ஒட்டாமல் விலகி நிற்கப் பார்க்கும். கால்சியத்துக்கு இரண்டு கை உண்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். அது துகள்களைச் சேர்த்துப் பிடித்து மணி மணியாக வைத்திருக்கும். மணிகளுக்கு இடையே காற்றும் தண்ணீரும் போகும், வேர் இறங்கும். சோடியத்துக்கு ஒரு கைதான். போதாததற்குத் தன்னைச் சுற்றித் தண்ணீரைப் போர்த்திக் கொண்டு நிற்கும். அதனால் துகள்களைச் சேர்த்துப் பிடிக்க முடியாது. சோடியம் நிறைந்து கால்சியம் வெளியேறினால் மணி உடைந்து, மண் குழம்பாகி, இருக்கிற சின்னச் சின்ன ஓட்டைகளையெல்லாம் அடைத்து விடும். ஈரத்தில் சேறு, காய்ந்தால் கல். பெரியவர் சொன்னாரே, அதுதான்.

நிலத்தில் ஏற்கனவே கால்சியம் இருக்குமே, அது எங்கே போகிறது என்று கேட்பீர்கள். இதற்கு விடை உங்கள் அடுப்பிலேயே இருக்கிறது. சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரைத் தினமும் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஓடு மாதிரி படிகிறது அல்லவா? கரைந்திருந்த கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து, கரையாத சுண்ணாம்பாக மாறிப் படிந்து விட்ட ஓடு அது. வயலிலும் இதே வேலை நடக்கிறது. களர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய வருகிறது. தண்ணீர் ஆவியாக ஆவியாக, அது மண்ணில் உள்ள கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பாகப் படிய வைத்து விடுகிறது. மிஞ்சுவது சோடியம். வருஷா வருஷம் கால்சியம் குறையும், சோடியம் ஏறும். முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வருஷம் கொஞ்சம் தெரியும். நாலாம் வருஷம் கொழு எகிறும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

இரண்டு கண்ணாடி பாட்டில் எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டிலும் உங்கள் போர்த் தண்ணீரை முக்கால் அளவு ஊற்றுங்கள். வயலின் மேல் மண்ணை இரண்டிலும் ஒரு சிறு பிடி போடுங்கள். ஒரு பாட்டிலில் மட்டும் ஒரு கரண்டி ஜிப்சம் சேருங்கள். நன்றாகக் குலுக்கி இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் ஜிப்சம் போட்ட பாட்டில் தெளிந்தும், போடாத பாட்டில் கலங்கலாகவும் இருந்தால், களர் கோளாறு இருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஜிப்சத்திலிருந்து வந்த கால்சியம் துகள்களைச் சேர்த்துப் பிடித்து அடியில் இறக்கி விட்டது என்று அர்த்தம். கலங்கல் தண்ணீரில் படிகாரம் போட்டுத் தெளிய வைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

இது சந்தேகத்தைக் கிளப்பத்தான். எவ்வளவு, என்ன வைத்தியம் என்பதற்கு ஆய்வுக் கூடம்தான் பதில் சொல்ல வேண்டும்.

தண்ணீர் மாதிரி எடுப்பது எப்படி?

மோட்டாரைப் போட்டவுடன் வருகிற தண்ணீரைப் பிடிக்காதீர்கள். அது குழாயில் தங்கியிருந்த தண்ணீர். அரை மணி நேரம் ஓட விட்டுப் பிறகு பிடியுங்கள். சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். எண்ணெய் பாட்டில், பூச்சி மருந்து பாட்டில், உரம் கரைத்த பாட்டில் கூடவே கூடாது. அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு, காற்று இடைவெளி இல்லாமல் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். பெயர், ஊர், சர்வே எண், கிணறா போரா, எத்தனை அடி, என்ன பயிர் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளாவது, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்து விடுங்கள். நாள் கடந்தால் பைகார்பனேட் அளவு மாறி விடும். மண் மாதிரியும் கூடவே கொடுங்கள். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை பார்ப்பது நல்லது.

முடிவுச் சீட்டில் மூன்று எண்களைப் பாருங்கள்.

முதலாவது, மின் கடத்தும் திறன். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. உப்புக் கரையக் கரையக் கடத்தும். ஆகவே இந்த எண்தான் மொத்த உப்பின் அளவுகோல். 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிருக்குப் பயமில்லை. 0.75 முதல் 2.25 வரை பயிரையும் மண்ணையும் பார்த்துப் பாய்ச்ச வேண்டும். 2.25-க்கு மேல் போனால் உப்பைத் தாங்குகிற பயிரும் நல்ல வடிகாலும் இல்லாமல் தொடக் கூடாது. பழைய சீட்டில் மில்லிமோ என்று போட்டிருந்தாலும் இதே எண்தான்.

இரண்டாவது, கார அமில நிலை. 6.5 முதல் 8.4 வரை சாதாரணம். அதற்கு மேல் ஏறினால் மூன்றாவது எண்ணைக் கவனமாகப் பாருங்கள்.

மூன்றாவது, எஞ்சிய சோடியம் கார்பனேட். தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் இரண்டுக்கும் ஈடு போக மிச்சம் நிற்கிற கார்பனேட், பைகார்பனேட் அளவு இது. 1.25 மில்லி சமானத்துக்குக் கீழே நல்லது. 1.25 முதல் 2.5 வரை எச்சரிக்கை. 2.5-க்கு மேல் அப்படியே பாய்ச்சுவது ஆபத்து. நம் பெரியவரின் போர்த் தண்ணீரில் மின் கடத்தும் திறன் 1.1 தான், ஆனால் இந்த மூன்றாவது எண் 6. பழைய கிணற்றில் மின் கடத்தும் திறன் 1.4 இருந்தது, இந்த எண்ணோ ஒன்றுமே இல்லை.

உவருக்கு வைத்தியம்

உவர் தண்ணீர் என்றால், முதலில் பயிரைத் தேர்ந்தெடுங்கள். பீன்ஸ், வெங்காயம், கேரட் போன்றவை கொஞ்சம் உப்புக்கே சுணங்கும். மிளகாய், மக்காச்சோளம், கரும்பு ஓரளவுக்குத்தான் தாங்கும். சோளம், பருத்தி, தென்னை நன்றாகத் தாங்கும். இரண்டாவது, வடிகால். வடிகால் இல்லாத வயலில் உப்பு வெளியே போக வழியே இல்லை. மூன்றாவது, தண்ணீர் பாய்ச்சும் முறை. தேவைக்குச் சற்றுக் கூடுதலாகப் பாய்ச்சினால், உப்பு வேருக்குக் கீழே இறங்கும். மேலாக மேலாகத் தெளித்து நனைத்துக் கொண்டிருந்தால், உப்பு வேரைச் சுற்றியே தங்கும். நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் கிடைக்கிறது என்றால், அதை முளைக்கிற பருவத்துக்கும் இளம் பயிருக்கும் வைத்துக் கொள்ளுங்கள். உவர் தண்ணீரை வளர்ந்த பயிருக்குக் கொடுங்கள். சாம்பல் சத்துக்கு மூரியேட் ஆஃப் பொட்டாஷ் போடாமல் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் போடுங்கள். குளோரைடு உப்பு இன்னும் சேராது. தொழுஉரமும் மூடாக்கும் போட்டால் வெயிலில் ஆவியாவது குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும்.

இந்த வகை நிலத்துக்கு ஜிப்சம் வேண்டாம். கோளாறு உப்பு அதிகம் என்பதுதான். ஜிப்சமும் ஒரு உப்புத்தான்.

களருக்கு வைத்தியம்

களர் என்றால் தண்ணீரை விட்டு அலசினால் மட்டும் போதாது. சோடியத்தைத் தள்ளி விட்டு அந்த இடத்தில் உட்காரக் கால்சியம் வேண்டும். அதற்கு மலிவான வழி ஜிப்சம். எவ்வளவு போட வேண்டும் என்பது மண் பரிசோதனைச் சீட்டில் வரும். வயலைச் சமப்படுத்தி, சிறு சிறு பாத்தியாக வரப்புப் போட்டு, ஜிப்சத்தைத் தூளாகத் தூவி, மேல் மண்ணில் 4 அங்குலத்துக்குள் கலக்கும்படி உழுங்கள். ஆழமாகப் புதைத்து விடாதீர்கள். தண்ணீரை நிறுத்தி வைத்துப் பிறகு வடியுங்கள். வெளியேறுகிற சோடியம் வடிகாலில் போக வேண்டும். இல்லாவிட்டால் செய்த வேலை வீண்.

இதோடு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். அது களரிலும் வளரும். மட்கும்போது உண்டாகிற கரியமில வாயு, மண்ணில் படிந்து கிடக்கிற சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கால்சியமாகத் திருப்பிக் கொடுக்கும். காசில்லாமல் கிடைக்கிற கால்சியம் அது.

தண்ணீருக்கே ஜிப்சம் கொடுக்கவும் ஒரு வழி உண்டு. குழாய் வாயில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, அதில் வலைத்தட்டு வைத்து, ஜிப்சக் கட்டிகளை அதன் மேல் நிரப்பி, தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறி வழிந்து வாய்க்காலுக்குப் போகும்படி செய்ய வேண்டும். கணக்கு இதுதான்: ஒரு ஏக்கருக்கு 2 அங்குலம் பாய்ச்சும்போது, எஞ்சிய சோடியம் கார்பனேட்டை ஒரு எண் குறைக்கச் சுமார் 18 கிலோ தூய ஜிப்சம் கரைய வேண்டும். 6-ஐ 2.5-க்குக் கொண்டு வர ஒவ்வொரு தண்ணீருக்கும் 63 கிலோ. கடையில் கிடைக்கிற ஜிப்சத்தில் மண்ணும் கலந்திருக்கும். தரத்தைக் கேட்டு அதற்கேற்பக் கூட்டிக் கொள்ளுங்கள்.

பயிரில், நிலக்கடலையை விட நெல் களரைத் தாங்கும். கோ 43, திருச்சியிலுள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வந்த திருச்சி 1, திருச்சி 3 ஆகிய ரகங்கள் இப்படிப்பட்ட நிலத்துக்கென்றே சொல்லப்படுபவை. களர் நிலத்தில் துத்தநாகக் குறை வரும். நெல்லுக்கு ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட் போடுங்கள். யூரியாவை விட அம்மோனியம் சல்பேட் நல்லது. காரம் அதிகமுள்ள மண்ணில் யூரியாவின் சத்து வாயுவாகப் பறந்து விடும்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. உவர் நிலத்துக்கு மழைதான் பெரிய வைத்தியர். வரப்பை உயர்த்தி மழையை வயலிலேயே நிறுத்துங்கள். ஆனால் களர் நிலத்தில், ஜிப்சம் போடாமல் சுத்தமான மழைத் தண்ணீர் மட்டும் நின்றால் களிமண் இன்னும் குழம்பும். ஆகவே ஜிப்சத்தை மழைக்கு முன்பே போட்டு விடுங்கள். மழை வந்து கரைத்து உள்ளே இறக்கும். பண்ணைக் குட்டை இருந்தால் அந்தத் தண்ணீரைப் போர்த் தண்ணீரோடு கலந்து பாய்ச்சுங்கள். கெடுதல் குறையும்.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் நிறைந்த ஆழத்துத் தண்ணீரில், ஃபுளோரைடு அதிகம் கரைந்திருக்க வாய்ப்பு உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் பிள்ளைகளின் பல்லில் காவி ஏறுவதற்கும், பெரியவர்களுக்கு எலும்பு இறுகுவதற்கும் இதுதான் காரணம். லிட்டருக்கு 1.5 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கக் கூடாது. காய்ச்சினாலும் இது போகாது. நாக்குக்கும் தெரியாது. போர்த் தண்ணீரைக் குடிக்கிற வீட்டார் இதற்கும் தனியாக ஒரு பாட்டில் கொடுத்துப் பார்த்துக் கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். முதல் கோடையில் ஒரு ஏக்கரில் மட்டும் வரப்புப் போட்டு, ஜிப்சம் போட்டார். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கினார். பிறகு நெல் நட்டார். அந்த வருஷம் பெரிய விளைச்சல் இல்லை. இரண்டாம் வருஷம் தண்ணீர் ஒரே நாளில் உள்ளே இறங்குகிறது என்று வந்து சொன்னார். மற்ற இரண்டு ஏக்கருக்கும் இப்போது அதே வேலை நடக்கிறது. கடலை இன்னும் போடவில்லை, பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். நாலு வருஷத்தில் கெட்டதை நாலு மாதத்தில் சரி செய்ய முடியாது. தொட்டியில் ஜிப்சம் கரைவதையும் நிறுத்த முடியாது. அந்தப் போர்த் தண்ணீர் ஓடுகிற வரை அதுவும் ஓட வேண்டும்.

போகும்போது அவர் சொன்னார்: "போர் போட்ட அன்னைக்கே ஒரு பாட்டில் கொடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது சார். தண்ணி வந்த சந்தோஷத்துல யாருக்கு அது தோணுது?"

உண்மைதான். போரில் தண்ணீர் பீறிட்டு வருகிறபோது நம் எல்லோருக்கும் அந்தச் சந்தோஷம் வரும். வரட்டும். சந்தோஷத்தோடு ஒரு பாட்டிலையும் நிரப்பிக் கொண்டு போய்க் கொடுத்து விடுங்கள். ஏற்கனவே போர் வைத்திருப்பவர்கள் அடுத்த விதைப்புக்கு முன்னால் கொடுங்கள். சீட்டு வந்ததும் அந்த மூன்று எண்களையும் உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரிடம் காட்டி, உவரா களரா என்று கேட்டு, அதற்கேற்ற வைத்தியத்தைச் செய்யுங்கள்.